எங்கள் ஊர் தாய்சேய் கிளினிக்: ஐந்து நட்சத்திரத்துக்கு நான்கு, பதிவுக் கவுண்டருக்காக ஒன்று குறைத்தேன்

மலேசியாவின் கீழ்ப் பேராக்கில் எங்கள் பட்டணத்துக்கு வெளியாட்கள் வர ஒரு காரணமும் இல்லை. நான்கு பக்கமும் செம்பனை, நடுவில் இரண்டு வரிசைக் கடைகள், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், பழக்குலை லாரிகளை நம்பியே பிழைக்கும் ஒரு பெட்ரோல் நிலையம். கடைவரிசைக்குப் பின்னால் அரசாங்கக் கிளினிக். உள்ளே நுழைந்ததும் வலது கைப் பக்கம் தாய்சேய் பிரிவு. நான் எழுதப்போவது அந்தப் பிரிவைப் பற்றி மட்டும். ஊர்ப் பெயரைப் போடவில்லை. நல்லதோடு நாலு குறையும் சொல்லப்போகிறேன், அங்கே வேலை செய்பவர்களை இன்னும் சில வருஷம் முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டும்.

நான் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிறேன், பழைய பேச்சில் கிராணி. வீட்டுக்காரர் பழக்குலை லாரி ஓட்டுகிறார். பெரியவன் 2018இல் பிறந்தவன், சின்னவள் இப்போதுதான் தவழ்கிறாள். அவள் பிறந்த நாளிலிருந்து வீட்டில் தடுப்பூசிப் பேச்சு ஓயவில்லை. மலேசியாவில் பிள்ளைக்கு ஊசி போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. பெற்றவர்கள் சம்மதித்தால்தான் போடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் மூன்று கட்சி. ‘ஒரு வயசு ஆகட்டும், உடம்பு பலமாகட்டும், அப்புறம் போடலாம்’ என்பது இவர் கட்சி. ‘முப்பது நாள் கழியாமல் பிள்ளையை வாசல் தாண்டவிடாதே’ என்பது அத்தை கட்சி. அட்டவணையில் போட்டிருக்கிற தேதிக்குப் போட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் ஏன் அந்தத் தேதி என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

சண்டை பிரசவ வார்டிலேயே ஆரம்பித்துவிட்டது. குழந்தை பிறந்த சில மணி நேரத்தில் இடது கை மேல்புறத்தில் காசநோய்க்கான பிசிஜி, தொடையில் ஹெப்படைடிஸ் பி, அதோடு ரத்தம் உறைவதற்காக வைட்டமின் கே. ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வலியில் கிடந்தவளுக்கு என்ன புரியும்? யாரும் விளக்கவும் இல்லை. சாயங்காலம் வந்த இவர் தொடையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துவிட்டு, “பொறந்து ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை.

பதில் வீட்டுக்கு மோட்டாரில் வந்தது. தாய்சேய் பிரிவிலிருந்து பிரசவம் ஆன வீடுகளுக்கு மிஸ்ஸிகளே, அதாவது நர்ஸ்களே, வந்து பார்ப்பார்கள். இந்தச் சேவையைப் பற்றி வெளியே அதிகம் பேசமாட்டேன் என்கிறார்கள், எனக்கு ஆச்சரியம்தான். தோட்டத்து மண் சாலையில், மழை பெய்தால் லாரியே திணறும் பாதையில், ஹெல்மெட்டும் பையுமாக ஒரு தமிழ் மிஸ்ஸி வந்து இறங்கினார். என் தையலைப் பார்த்தார், குழந்தையின் தொப்புளைப் பார்த்தார், நெற்றியை விரலால் அழுத்தி மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். அத்தை துணி வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். “யாரு அந்துருண்டை போட்டது? ஜி6பிடி குறை இருக்கிற பிள்ளைக்கு இந்த வாடையே ஆகாது, ரத்தம் உடைஞ்சி மஞ்சள் கூடிடும்” என்றார். ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி. அந்தக் குறை இருக்கிறதா என்று பிறக்கும்போதே தொப்புள்கொடி ரத்தத்தில் பார்த்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைக்கு இல்லை. இருந்தாலும் அந்துருண்டைகள் அன்றைக்கே குப்பைக்குப் போயின.

அப்புறம் இவரைப் பார்த்து, “தம்பி, ஏதோ கேட்கணும்னு நிக்கிறீங்க, கேளுங்க” என்றார். இவர் அந்த முதல் நாள் ஊசியைக் கேட்டார். மிஸ்ஸி நின்றபடியே சொன்னார். ஹெப்படைடிஸ் பி ஈரலைப் பிடிக்கும் கிருமி. வளர்ந்தவருக்குத் தொற்றினால் பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும் நேரத்தில் குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது ஆயுசுக்கும் தங்கிவிடும், பின்னால் ஈரல் சுருக்கமோ புற்றுநோயோ வரலாம். அதனால்தான் 24 மணி நேரத்துக்குள். இந்த நாட்டில் 1989இலிருந்து இப்படித்தான். “உங்க தம்பி தங்கச்சிங்க யாராச்சும் அதுக்கப்புறம் பொறந்திருந்தா அவங்களுக்கும் போட்டிருப்பாங்க” என்றார். இவருடைய கடைசித் தங்கை 1991. சும்மா தலையாட்டினார்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். பிசிஜி போட்ட இடத்தில் சில வாரத்தில் கொப்புளம் மாதிரி வரும், சீழ் வைக்கும், தானாகக் காய்ந்து தழும்பாகும், பிதுக்காதீர்கள், எண்ணெய் மஞ்சள் எதுவும் தடவாதீர்கள். முப்பது கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய சில நாளில் அந்தக் கொப்புளம் வந்தது. மிளகு அளவில், நடுவில் வெள்ளையாக. பெரியவனுக்கு வந்தபோது அத்தை ஏதோ பச்சிலை வைத்துக் கட்டி, அது புண்ணாகி, எல்லாரும் ஊசியைத் திட்டினோம். இந்தத் தடவை அத்தை குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியேதான் வந்திருக்கு” என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டார்.

இதை நான் பெரிய விஷயமாக எழுதக் காரணம் உண்டு. அத்தை வளர்ந்தது பால்மரத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில். அங்கே மருத்துவம் என்றால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர்தான். காய்ச்சல், வயிற்றுவலி, கைகால் வீக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து தண்ணி மருந்து. அதைவிட முக்கியமானது, ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்று ஒத்துக்கொள்வதும் அந்த டிரஸ்ஸர்தான். அவர் எழுதிக் கொடுத்தால் லீவு, இல்லையென்றால் வெட்டுக்கத்தியோடு காலையில் வரிசைக்கு வந்தாக வேண்டும். அவர் துரையின் ஆள் என்று எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் அத்தைக்கு முதலில் வரும் எண்ணம் ‘இவன் யாருக்காகப் பேசுகிறான்’ என்பதுதான். இதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர்களை நம்பு நம்பு என்று எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் அந்த எண்ணம் போகாது. முன்கூட்டியே ஒன்றைச் சொல்லி, அது சொன்னபடி நடந்தால் போகும்.

இரண்டு மாத ஊசிக்கு முன்னால் கடைவரிசையில் இருக்கும் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். இவர் பிடிவாதம். அங்கே குளிர்சாதனம், சோபா, மீன் தொட்டி எல்லாம் உண்டு. டாக்டர் சிரித்த முகம். ஒரு வயசு வரை தள்ளிப் போடலாமா என்று இவர் கேட்டதும், “உங்க பிள்ளை, உங்க முடிவு” என்றார். சரி, தள்ளினால் என்ன ஆகும், தள்ளாவிட்டால் என்ன ஆகும்? அதைக் கேட்கத்தான் போனோம். அவர் மேசைக்கு அடியிலிருந்து விலைப்பட்டியலை எடுத்தார். ஒரு ஊசிக்கே சில நூறு ரிங்கிட், எல்லாம் சேர்த்து எடுத்தால் கழிவு. இவருக்கு அந்த மரியாதை பிடித்துப்போயிற்று. எனக்குப் பிடிக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் முடிவை மட்டும் நம் தலையில் வைத்துவிட்டு அனுப்புவதற்கு மரியாதை என்று பெயரா?

இனி தாய்சேய் பிரிவின் நாலாம் அறை. ஊசி போடும் அறை இதுதான், நான் கொடுக்கும் நட்சத்திரங்களில் பாதி இந்த ஓர் அறைக்குத்தான். ஒரு மேசை, ஒரு தராசு, மருந்து வைக்கும் குளிர்பெட்டி. அதன் கதவில் ஒரு தாள், காலையும் மாலையும் வெப்பநிலை எழுதி எழுதி நீல மையில் நிறைந்திருக்கிறது. 2 டிகிரிக்குக் குறையக் கூடாது, 8ஐத் தாண்டக் கூடாது. போன மாதம் இந்தப் பக்கம் கரண்டு போன அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறது என்று இவர் தேடிப் பார்த்தார். மருந்தை வேறு இடத்துக்கு மாற்றிய நேரம்வரை எழுதியிருந்தது. லாரிக்காரருக்குக் கணக்குப் புத்தகம் சரியாக இருந்தால் போதும், மனசு பாதி இறங்கிவிடும்.

இவருடைய அடுத்த சந்தேகம் நியாயமானது. பெரியவனின் ஊசிப் புத்தகத்தையும் சின்னவளின் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். பெரியவனுக்கு ஒரு மாதத்தில் ஓர் ஊசி, ஆறு மாதத்தில் ஓர் ஊசி, ஹெப்படைடிஸ் பி என்று தனியாக எழுதியிருக்கிறது. சின்னவளுக்கு ஒரு மாதத்தில் எதுவும் இல்லை. நாலு, ஆறு, பதினைந்து மாதத்தில் புதிதாக ஏதோ வந்திருக்கிறது. “அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. எதை நம்புறது?” என்றார்.

மிஸ்ஸிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு புத்தகத்திலும் விரல் வைத்துக் காட்டினார். பெரியவன் காலத்தில் ஐந்து நோய்க்கு ஒரு ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் என்னும் இரணஜன்னி, இளம்பிள்ளைவாதம், ஹிப் என்னும் மூளைக்காய்ச்சல் கிருமி. ஹெப்படைடிஸ் பி தனி. 2020 நவம்பரிலிருந்து அதையும் சேர்த்து ஆறுக்கு ஒன்றாக்கிவிட்டார்கள். அதனால் பிள்ளைக்குக் குத்து குறைந்தது. 2, 3, 5 மாதத்தில் ஒவ்வொன்று, 18 மாதத்தில் ஊக்க ஊசி. புதிதாக வந்தது நிமோனியாவைத் தடுக்கிற நியூமோகாக்கல் ஊசி, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்கு மட்டும் இலவசம். “உங்க பெரியவனுக்கு அந்த வாய்ப்பு இல்லாமப் போச்சு தம்பி” என்றார்.

“ஆறு மருந்தை ஒரே நேரத்துல தாங்குமா?” என்று நான் கேட்டேன். அப்போது ஓர் இளம் டாக்டர் உள்ளே வந்திருந்தார், ஒப்பந்த டாக்டராக இருக்க வேண்டும், கண்ணில் தூக்கமே இல்லை. அவர் சொன்னது எனக்குப் புதிது. எங்கள் காலத்தில் போட்ட முக்கூட்டு ஊசியில் கக்குவான் கிருமியை முழுசாகக் கொன்று அப்படியே சேர்த்திருப்பார்களாம். இப்போது அந்தக் கிருமியிலிருந்து தேவையான சில துண்டுகளை மட்டும் எடுத்துப் போடுகிறார்கள். நோய்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, உடம்புக்குள் போகிற அயல்பொருள் குறைந்திருக்கிறது. காய்ச்சலும் முன்னைப்போல் அடிப்பதில்லை.

அப்புறம் தள்ளிப் போடுகிற கேள்வி. மிஸ்ஸி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கக்குவான் பெரியவங்களுக்கு வந்தா ரெண்டு மூணு மாசம் இருமுவாங்க, அவ்வளவுதான். ரெண்டு மாசக் குழந்தைக்கு வந்தா இருமக்கூடத் தெம்பு இருக்காது. மூச்சே நின்னுடும். ஒரு வயசுல போட்டா அந்த ஆபத்தான காலம் தாண்டியிருக்கும், அப்ப யாருக்குப் போடுறோம்?” 2016இல் மலாக்காவிலும் கெடாவிலும் ஊசி போடாத பிள்ளைகள் தொண்டை அடைப்பானில் இறந்ததை இவருக்கு நினைவுபடுத்தினார். 2019 டிசம்பரில் சபாவில் மூன்று மாதக் குழந்தைக்கு இளம்பிள்ளைவாதம் வந்ததையும். 1992க்குப் பிறகு அதுவரை இந்த நாட்டில் அந்த நோய் வந்ததே இல்லை. “நான் வேலைக்கு வந்தப்ப அதைப் புத்தகத்துலதான் படிச்சேன்” என்றார்.

எல்லாமே சீக்கிரம் போட வேண்டும் என்றும் அவர் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. தட்டம்மை ஊசியை ஏன் இப்போதே போடக் கூடாது என்று கேட்டதற்கு, தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடம்பில் சில மாதம் இருக்கும், அது இருக்கும்போது போட்டால் மருந்து சரியாகப் பிடிக்காது, அதனால் 9 மாதம், அப்புறம் 12 மாதம் என்றார். ஆக ஒரு ஊசிக்கு அவசரம், இன்னொன்றுக்குக் காத்திருப்பு, இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. அத்தைக்கும் தட்டம்மை தெரியும். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் ஒரு பிள்ளைக்கு வந்தால், தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் முழுக்க வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கும் என்பார். தட்டம்மை ஊசி இந்த நாட்டில் அட்டவணைக்கு வந்ததே 1982இல்தான்.

அந்த 9 மாத ஊசியால் மதியிறுக்கம் வரும் என்று இவருடைய வாட்சாப் குழுவில் ஒரு காணொளி சுற்றுகிறது. டாக்டரிடம் போனையே நீட்டினார். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். 1998இல் லண்டனில் ஒரு டாக்டர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பிய கதை இது, 2010இல் அந்தக் கட்டுரையைப் பத்திரிகையே வாபஸ் வாங்கியது, அதே வருஷம் அவருடைய டாக்டர் பதிவும் பறிபோனது என்றார். தேடிப் பார்த்துக்கொள்ள ஆங்கிலத்தில் பெயரை எழுதியும் கொடுத்தார். இவர் ராத்திரி லாரியில் உட்கார்ந்து தேடினாராம்.

இன்னொரு நேர்மையையும் சொல்லியாக வேண்டும். வயிற்றுப்போக்கைத் தடுக்கிற ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து, சின்னவள் பிறந்த சமயத்தில் அரசாங்க அட்டவணையில் இல்லை. மிஸ்ஸியே சொன்னார்: “இங்க கிடைக்காது. கையில காசு இருந்தா வெளியில போடுங்க. ஆனா முதல் சொட்டு 15 வாரத்துக்குள்ள போயிடணும், அதுக்கப்புறம் ஆரம்பிக்க மாட்டாங்க.” தனியார் கிளினிக்கின் விலைப்பட்டியலிலும் அது இருந்தது, ஆனால் இந்த 15 வாரத்தை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் அந்த மீன் தொட்டி கிளினிக்கிலேயே காசு கொடுத்துப் போட்டோம்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்புகிறார்கள். அன்று ராத்திரி சின்னவளுக்கு உடம்பு சுட்டது. காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று அவள் எடையைப் பார்த்துப் புத்தகத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் மத்தியானம் சரியாகிவிட்டது.

இப்போது அந்த ஒரு நட்சத்திரம். கவுண்டர். காலை எட்டு மணிக்கு முன்னால் போனால்தான் முன் நம்பர் கிடைக்கும். எடை பார்க்க ஒரு வரிசை, புத்தகம் கொடுக்க ஒரு வரிசை, மிஸ்ஸியைப் பார்க்க ஒரு வரிசை, கைக்குழந்தையோடு அரை நாள் போய்விடும். மின்விசிறிகளில் ஒன்று சுற்றுவது போல நடிக்கிறது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாலாம் மாத ஊசிக்கு லாரி பழுதாகி எங்களால் குறித்த தேதிக்குப் போக முடியவில்லை. அடுத்த வாரம் போனபோது கவுண்டரில் இருந்த பெண் புத்தகத்தைத் தூக்கி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஆட்டி, “தேதி போட்டா வரத் தெரியாதா? பிள்ளை மேல அக்கறை இல்லையா?” என்று மலாய் மொழியில் கத்தினார். என் முகம் எரிந்தது. எனக்குப் பின்னால் நின்ற இளம்பெண்ணின் புத்தகத்திலும் தேதி தாண்டியிருந்தது போலும். நான் திரும்பிப் பார்த்தபோது அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். நாலாம் அறையில் எத்தனை பொறுமையாக விளக்கி என்ன, வாசலிலேயே ஒருத்தி திரும்பிப் போனால்? உள்ளே போன எங்களிடம் மிஸ்ஸி சொன்னது என்ன தெரியுமா? “ஒரு வாரம் தாண்டினா ஒண்ணும் ஆகாது, திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல, விட்ட இடத்துலேருந்து போடலாம்.” இந்த வரியைக் கவுண்டரில் ஒட்டி வைத்தாலே போதும்.

டாக்டர்கள் அடிக்கடி மாறுவதும் ஒரு குறை. தூக்கம் இல்லாத அந்த இளம் டாக்டர் இப்போது இல்லை, எங்கேயோ மாற்றலாம். புதிதாக வந்தவர் கணினியைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். மிஸ்ஸிகள் மாறாமல் இருப்பதால்தான் அந்த இடம் ஓடுகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஊசிக்குக் காசு இல்லை. குழந்தையின் புத்தகத்தை மறக்காதீர்கள், பெரிய பிள்ளையின் புத்தகம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், கேள்வி கேட்க உதவும். தொடை தெரிகிற மாதிரி உடை போடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், மத்தியான இடைவேளை நீளம். வீட்டில் யாருக்குச் சந்தேகமோ அவரையே கையோடு கூட்டிப் போங்கள், மிஸ்ஸியிடம் நீங்கள் கேட்டுவந்து வீட்டில் சொன்னால் எடுபடாது. தேதி தாண்டியிருந்தால் கவுண்டரில் வாதம் பண்ணாமல் புத்தகத்தை வைத்துவிட்டு, நாலாம் அறைக் கதவுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அவரே கூப்பிடுவார்.